ஜூன் நாலாம் தேதிக்காரர்கள்

ஆரோக்கியமேரி வாழ்நாளில் சொன்ன பொய்கள் அதிகமில்லை. நேற்றுப் பிடித்த இறாலை இன்று பிடித்தது என்று சொல்லக்கூட அவளுக்கு வராது. முகம் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் ஒரே ஒரு பொய்யை மட்டும் முப்பது வருஷமாக முகம் கோணாமல் சொல்லி வந்தாள். தன் மகன் ஜோஷ்வா ஜூன் நாலாம் தேதி பிறந்தவன் என்பதுதான் அது.

பொய்யை ஆரம்பித்தது அவள் இல்லை, பெரியசாமி வாத்தியார். பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருந்த அந்தக் குப்பத்துக்கு ஒரே பள்ளிக்கூடம், அதற்கு அவர் ஒரே வாத்தியார். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பெண்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். எப்போது பிறந்தான் என்று கேட்டால் ஒருத்தி மடவை மீன் வந்தபோது என்பாள், இன்னொருத்தி ஏரி முகத்துவாரம் திறந்தபோது என்பாள். ரிஜிஸ்தரில் மடவை மீனை எழுத முடியாது. அஞ்சு வயசு ஆகியிருக்க வேண்டும், அதுதான் சட்டம். மற்ற ஊர் வாத்தியார்கள் ஜூன் ஒண்ணு என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். பெரியசாமிக்குப் பாட்டுப் பைத்தியம். எழுதுவதுதான் எழுதுகிறோம், நல்ல நாளாக எழுதுவோமே என்று, தனக்கு உயிரான ஒரு பெரிய பாடகர் பிறந்த ஜூன் நாலாம் தேதியைப் போட்டார். பன்னிரண்டு வருஷம் அவர் அங்கே இருந்தார். பன்னிரண்டு வருஷத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஒரே பிறந்தநாள். இன்றைக்கும் அந்தக் குப்பத்தில் ஆதார் அட்டையை வாங்கிப் பார்க்கிற பாங்குக்காரர்கள் ஒரு தரம் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஜோஷ்வாவுக்கும் அப்படித்தான் எழுதினார். ஆனால் மற்றவர்கள் சிரித்துவிட்டு மறந்த தேதியை அவன் மறக்கவில்லை. அவனுக்குக் குரல் இருந்தது. வாத்தியார் அவனை மேசைமேல் ஏற்றிப் பாடச் சொல்வார். "அவரு பொறந்த அன்னிக்கே பொறந்தவன்டா நீ" என்று கன்னத்தைத் தட்டுவார். எட்டு வயதில் ஒரு நாள் பையன் வீட்டுக்கு வந்து கேட்டான்.

"யம்மா, சரவணனுக்கெல்லாம் சார் சும்மா எழுதுன தேதியாமே. எனக்கும் சும்மாதானா?"

அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். பையன் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்தாள்.

"உனக்கு மட்டும் நெஜம்டா" என்றாள்.

அந்த ஒரு வரிதான் அவளுடைய பங்கு. அதை ஏன் சொன்னாள் என்றால், நிஜமான தேதியை அவளால் அவனிடம் சொல்ல முடியாது.

நிஜத்தில் ஜோஷ்வா பிறந்தது எண்பத்தெட்டாம் வருஷம், அக்டோபர் இருபத்தொன்று. ஏரிக்கு வடக்கே, புருஷன் சந்தியாகுவின் ஊரில். அன்று காலையில் அவளுக்கு வலி எடுத்தது. மழை மூட்டம். நர்ஸம்மாவைக் கூட்டி வருகிறேன் என்று சந்தியாகு படகைக் கோல் போட்டுத் தள்ளிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனான். நடு ஏரியில் இடி விழுந்தது. மற்ற படகுக்காரர்கள் அவன் உடலைக் கரைக்குக் கொண்டு வந்தபோது வீட்டுக்குள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. மாமியார்க்காரி பிள்ளையின் தொட்டில் பக்கத்தில் வந்து நின்று, தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தாள். "அப்பன முழுங்கிட்டு வந்திருக்குது" என்றாள்.

அந்த வார்த்தை அந்தப் பக்கத்தில் ஒருவன்மேல் ஒட்டினால் சாகிறவரை போகாது. படகில் சேர்க்கமாட்டார்கள், கல்யாணத்தில் முன்னால் நிற்கவிடமாட்டார்கள். நல்லவர்கள்கூட ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்வார்கள். ஆரோக்கியமேரி பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த கையோடு ஊரைவிட்டுக் கிளம்பினாள். எளாவூர்ப் பக்கம் செங்கல் சூளையில் ஐந்து வருஷம் வேலை பார்த்தாள். அப்புறம்தான் யாரும் அவளை அறியாத இந்தக் குப்பத்துக்கு வந்தாள். வடக்கே மாமியார்க் கிழவி செத்துப்போனாள், கொழுந்தன்மார் எண்ணூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள். விஷயம் தெரிந்தவர் என்று ஒருவரும் மிச்சமில்லை. எண்பத்தொன்பது ஜூன் நாலு என்று வாத்தியார் எழுதியபோது அவளுக்கு யாரோ குழந்தையை வாங்கிக் குளிப்பாட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது. புருஷன் செத்த வருஷத்தை மறைக்க முடியாது, கல்லறையில் வெட்டியிருக்கிறது. "நீ வயித்துல ஒரு மாசமா இருக்கும்போதே நைனா போயிட்டாரு" என்று மகனிடம் சொல்லிவைத்தாள். கணக்கும் சரியாகப் பொருந்தியது.

ஒவ்வொரு அக்டோபர் இருபத்தொன்றுக்கும் பழவேற்காட்டுக் கோயிலில் சந்தியாகுவுக்கு நினைவுப் பூசை வைப்பாள். பூசை முடிந்து கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றியதும் ஜோஷ்வா, பிணத்தைப் புதைக்கும்போது பாடுகிற அடக்கப் பாட்டைப் பாடுவான். எட்டு வயதிலிருந்து பாடினான். அவன் பாடும்போது வேறு கல்லறைகளுக்கு வந்தவர்களும் நின்று கேட்பார்கள். அவள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பையன் வளர்ந்தான். பாட்டு அவனுக்குச் சோறு போடவில்லை. பொன்னேரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தான். முதலில் குழுவில் பதினான்கு பேர் இருந்தார்கள். பிறகு ஆறு பேர். அப்புறம் ஒரு லேப்டாப்பும் இவனும். பதிவு செய்த இசையை ஓடவிட்டு, கல்யாண வரவேற்பில் ஐஸ்கிரீம் தின்கிறவர்கள் முன்னால் பாடினான். வருகிற பாட்டில் பாதி அந்தப் பெரிய பாடகருடையதுதான். மற்ற நாட்களில் அம்மாவோடு ஏரியில் இறங்கினான். குனிந்து சேற்றைத் தடவி இறால் பிடித்துக் கழுத்தில் தொங்கும் ஓலைப் பறியில் போடுகிற வேலையை ஆண்கள் அவ்வளவாகச் செய்வதில்லை. பெண்கள் வேலை. சரவணன் நண்டு வலையோடு படகில் போகும்போது கேலி பேசுவான். ஜோஷ்வா சிரித்துக்கொள்வான்.

சிரிக்க முடிந்ததற்குக் காரணம் ஒரு நோட்டு. நூறு பக்க நோட்டு, அட்டையில் ஜூன் 4 என்று பெரிதாக எழுதியிருந்தது. அந்தத் தேதியில் பாட்டு உலகத்தில் நடந்ததையெல்லாம் அதில் சேர்த்து வைத்திருந்தான். முதல் பக்கம் அந்தப் பெரிய பாடகர் பிறந்தது. அப்புறம் அமெரிக்காவில் நாலு பேர் சேர்ந்து பாடிப் பேர் வாங்கிய ஒரு கூட்டத்தில் இருந்த பெண் பிறந்தது. உலகம் முழுக்க ரிக்கார்டு விற்ற ஒரு கம்பெனி தன் முதல் ஆபீஸைத் திறந்தது. எந்த ஊர், எந்த வருஷம், யார் என்று செய்தித்தாளிலிருந்தும் போனிலிருந்தும் எடுத்து மணி மணியாக எழுதியிருந்தான். சாயங்காலம் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவான். அவளுக்குப் பெயர்கள் வாயில் நுழையாது, தலையாட்டுவாள். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: ஜோஷ்வா சந்தியாகு, பாடகர், பிறப்பு. அதன் கீழே முழுப் பக்கமும் வெறுமையாக இருந்தது. "இனிமேதான் எழுதணும்" என்பான். முப்பத்தாறு வயதிலும் அப்படித்தான் சொன்னான்.

கல்யாணமும் ஆகவில்லை. நாலைந்து இடம் வந்தது. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை படிக்க ஞானஸ்நானப் பத்திரம் கேட்பார்களே என்று ஒவ்வொரு முறையும் அவள் பயப்படுவாள். பாட்டுக்காரனுக்குப் பெண் கிடையாது என்று அவர்களே போய்விடுவார்கள். அவள் அழுவாள். அழுகைக்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருக்கும். அந்த நிம்மதிக்காகத் தன்னைத்தானே திட்டிக்கொள்வாள்.

இந்த வருஷம் மே மாதம் பொன்னேரியில் ஓர் இசை ரசிகர் சங்கம் நோட்டீஸ் போட்டது. ஜூன் நாலு அன்று அந்தப் பாடகரின் பிறந்தநாள் விழா. சென்னையிலிருந்து முப்பது வாத்தியக்காரர்கள் வருகிறார்கள். முதல் பாட்டை, அதே தேதியில் பிறந்த ஒருவர் பாட வேண்டும். அன்று பிறந்த மற்றவர்களுக்குச் சால்வையும் சாப்பாடும் உண்டு.

ஜோஷ்வா நோட்டீஸை மூன்று தரம் படித்தான். நாலாவது தரம் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினான். "முப்பது வாத்தியம்மா. லேப்டாப்பு இல்ல. நெஜமான வயலினு, நெஜமான தபேலா. இதுக்குத்தாம்மா நான் அன்னிக்கிப் பொறந்திருக்கிறேன்."

அவளுக்கு அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துப் பயம் போய்விட்டது. மடத்தனம் என்றால் அதுதான். மறுநாள் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, வரிசையாக இறால் தடவிக்கொண்டிருந்த அத்தனை பெண்களுக்கும் கேட்கும்படி மகன் பெருமையைச் சொன்னாள். பக்கத்தில் தடவிக்கொண்டிருந்த ரங்கம்மாள் நிமிர்ந்தாள். "எம் பையனுக்கும் அதே தேதிதானே. சால்வ சும்மாதான குடுக்கிறாங்க?"

முதல் பாட்டுக்கு ஆள் தேர்வு செய்த ஞாயிற்றுக்கிழமை, பொன்னேரி மண்டபத்துக்கு அந்தக் குப்பத்திலிருந்து பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். எல்லோர் கையிலும் பள்ளிச் சான்றிதழ். சரவணன் நண்டு வாசனையோடு புதுச் சட்டை போட்டிருந்தான். சங்கச் செயலாளர் தமிழ்வேந்தன், தபால் ஆபீஸில் ரிட்டயர் ஆனவர், காகிதங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"இன்னாப்பா இது. வருசம் வேற வேற, தேதி மட்டும் ஒண்ணு. உங்க ஊர்ல மத்த நாள்லல்லாம் யாருமே பெத்துக்க மாட்டாங்களா?"

மண்டபம் சிரித்தது. சரவணன்தான் உண்மையைச் சொன்னான். "வாத்தியாரு எழுதுனது சார். நாங்க சாப்பாட்டுக்குத்தான் வந்தோம். பாடுறவன் இவன் ஒருத்தன்தான்."

ஜோஷ்வா பாடினான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். கூட வந்திருந்த ஆரோக்கியமேரி பிளாஸ்டிக் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். பாட்டு முடிந்ததும் தமிழ்வேந்தன் அடுக்கிய காகிதங்களை ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

"கொரலு இருக்குது தம்பி. ஆனா இத்தினி பேரு முன்னால ஒரே தேதியா வந்து நிக்கிறீங்க. இனிமே பள்ளிக்கூடப் பேப்பர வச்சி உன்ன மேடையேத்துனா, நாளைக்கி என்னத்தான் கேப்பாங்க. ஆஸ்பத்திரிப் பேப்பரு இருந்தா கொண்டா, இல்ல கோயில் பேப்பரு."

"கோயில்ல இருக்கும் சார்" என்றான் ஜோஷ்வா. அவன் அதைச் சொன்ன தைரியத்தை அவளால் தாங்க முடியவில்லை. "இவங்களுக்கெல்லாம்தான் வாத்தியார் எழுதுனது. எனக்கு நெஜமான தேதி."

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கோயில் ஞானஸ்நானப் புஸ்தகமெல்லாம் சுனாமியில போயிருக்கும்டா."

"கோயிலுக்குள்ள தண்ணியே ஏறலம்மா. உபதேசியார்கிட்ட கேட்டுட்டேன். செவ்வாக்கெழம வரச் சொன்னாரு."

சொல்லிவிட்டு முணுமுணுப்பாகப் பாட ஆரம்பித்தான். முப்பது வாத்தியத்துக்கு எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று விரலால் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தான். அவளுக்கு ஞாயிறு சாயங்காலமும் திங்கள் முழுவதும் இருந்தது. அவன் தாளில் பார்ப்பதற்கு முன்னால் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று நூறு முறை நினைத்தாள். சோறு போடும்போது சொல்லலாம், பாய் விரிக்கும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். கோழை. அதற்கு வேறு பேர் கிடையாது, அவளே அதை ஒப்புக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவன் திரும்பி வந்தான். சட்டைப் பையில் மடித்த தாள் தெரிந்தது. "சோறு போடும்மா" என்றான். சாப்பிட்டான். கை கழுவினான். தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தான். அவளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். இருபத்தொன்று, பத்து, எண்பத்தெட்டு.

"எழுதுனவங்க தப்பா எழுதியிருப்பாங்கன்னு உபதேசியார்கிட்ட சண்ட போட்டேம்மா. அவரு அடக்கப் புஸ்தகத்தையும் எடுத்துக் காட்டுனாரு. நைனா பேருக்கும் அதே தேதி."

அவள் சொன்னாள். வலி எடுத்தது, மழை மூட்டம், படகு, இடி, எல்லாம் சொன்னாள். மாமியார் சொன்ன வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. செத்தாலும் அதைச் சொல்வதில்லை என்று இருந்தாள்.

"எனக்காகத்தான் நர்ஸக் கூட்டியாரப் போனாரு" என்றான்.

"எனக்காகடா. வலி எனக்குத்தான் வந்துச்சு."

அவன் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. "இருபத்தெட்டு வருசமா" என்று மெதுவாகச் சொன்னான், "நான் பொறந்த நாளுக்கு நானே அடக்கப் பாட்டு பாடிக்கினு இருந்திருக்கிறேன். நீ பக்கத்துலயே நின்னிருக்கிற."

கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் கத்தவில்லை. அவளுக்கு அப்போது புத்தியில் வந்ததைச் சொன்னாள். "அந்தத் தேதியிலயும் பெரிய ஆளுங்க யாராச்சும் பொறந்திருப்பாங்கடா. போன்ல பாரேன். பாட்டுக்காரங்க இருப்பாங்க."

"இருப்பாங்க" என்றான். "எல்லா நாள்லயும் யாராச்சும் பொறந்துதாம்மா இருப்பாங்க. அது எனக்கு இப்பத்தான் புரியுது."

அதற்குப் பிறகு அவன் பாடவில்லை. குளிக்கும்போதுகூடச் சத்தமில்லை. நோட்டு அலமாரியில் கிடந்தது. ஒரு நாள் அவள் எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். அந்த ஒரு வரி இல்லை, பக்கத்தை ஒழுங்காக மடித்துக் கிழித்திருந்தான். மற்றவர்கள் எல்லோரும் அப்படியே இருந்தார்கள்.

ஜூன் மூன்றாம் தேதி காலையில் தமிழ்வேந்தன் போன் செய்தார். ஜோஷ்வா வலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். அவர் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "தம்பி, பேப்பர் கெடைக்கலன்னாலும் பரவால்ல, வந்துடு. கமிட்டியில பேசிட்டேன். உங்கொரலுக்கு இன்னாத்துக்குப்பா பேப்பரு. முதல் பாட்டு நீதான்."

"இல்ல சார். நான் அந்த நாள்ல பொறந்தவன் இல்ல."

"அத விடுப்பா, நாந்தான் சொல்றேனே."

"வேற யாரையாச்சும் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

ஆரோக்கியமேரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கெஞ்சினாள். "போடா. தேதிய கேக்கலடா அவங்க. கொரலத்தான் கூப்புடுறாங்க. இதுக்குத்தானடா இத்தினி வருசம்..."

"இத்தினி வருசம் இந்தக் கொரல நம்பியா பாடுனேன்? கல்யாண வூட்ல ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க. அப்பவும் எதுக்குப் பாடுனேன்? எம்மேல எதுவோ எழுதியிருக்குதுன்னுதாம்மா." கையை விடுவித்துக்கொண்டான். "இப்போ தொண்டையத் தொறந்தா நைனா படகுதான் கண்ணுல வருது."

விட்ட இடத்திலிருந்து வலை முடிச்சைப் போட ஆரம்பித்தான்.

மறுநாள் ஜூன் நாலு. விடிந்ததும் அவன் பறியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் ஏரியில் இறங்கினான். தண்ணீர் அசையாமல் கிடந்தது. பெண்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாகக் குனிந்து தடவிக்கொண்டிருந்தார்கள், நடுவில் ரங்கம்மாள். சரவணன் படகைக் கோல் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தான். படகில் போனில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பெண் இன்று பிறந்த இசைக் கலைஞர்களின் பெயர்களைக் கணீரென்று வாசித்தாள். முதல் பெயரே அந்தப் பெரிய பாடகருடையதுதான்.

"டேய் ஜோஷ்வா, இன்னாடா இங்க நிக்கிற? மேடை அங்க காத்துக்கினு கீது" என்று சரவணன் கூப்பிட்டான். "சரி, உனக்கும் எனக்கும் பொறந்த நாளு வாழ்த்து. வுடு, அப்பால பிரியாணி துன்னப் போலாம்."

ஜோஷ்வா நிமிர்ந்தான். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று ஆரோக்கியமேரிக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீருக்குள் இரண்டடி அவன் பக்கம் வைத்தாள். சேறு காலை விடவில்லை.

"எனக்கு இன்னிக்கி இல்லடா" என்றான். மேடையில் பேசுகிற அந்தத் தெளிவான குரல், ஏரி முழுக்கக் கேட்டது. "அக்டோபர் இருபத்தொண்ணு. எங்க நைனா செத்துச்சே, அன்னிக்கிதான். என்னப் பெக்குறதுக்கு நர்ஸக் கூட்டியாரப் போயிதான் செத்துச்சு."

தண்ணீருக்குள் தடவிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. சரவணன் போனை அணைத்தான். ரங்கம்மாள் தலையைத் தூக்கி, ஜோஷ்வாவைத் தலையிலிருந்து தண்ணீர் தொடுகிற இடம் வரை ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் தொட்டில் பக்கத்தில் நின்றவள் பார்த்த அதே பார்வை. ரங்கம்மாள் தன் பறியைச் சரிசெய்துகொண்டு, அவனைவிட்டு நாலடி தள்ளிப் போய்க் குனிந்தாள். அவளுக்கு அடுத்தவளும் தள்ளிப் போனாள்.

ஜோஷ்வா அவர்கள் தள்ளிப் போவதைப் பார்த்தான். ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. "போங்க, போங்க" என்றான் சாதாரணமாக. "அப்பன முழுங்கினவன் பக்கத்துல நின்னா எறா கெடைக்காது."

அவள் அவனிடம் சொல்லாத வார்த்தை அது. அந்த வார்த்தைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி வந்தாள், செங்கல் சுமந்தாள், முப்பது வருஷம் பொய் சொன்னாள். யாரும் கற்றுக்கொடுக்காமல் அவனே எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டான். ஏரிக்கரையில் பிறந்தவனுக்கு அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆரோக்கியமேரி குனிந்து சேற்றைத் தடவினாள். ஒரு பெரிய இறால் கையில் சிக்கியது, உள்ளங்கையில் துள்ளியது. பறி அவள் கழுத்திலேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணீர் மறைத்ததால் அதன் வாய் எங்கே என்று கை துழாவித் துழாவிப் பார்த்தது, கிடைக்கவில்லை.